பயோனியர் லேசர்ஆக்டிவ்: விலை ஒன்றுதான் காரணமா?

தட்டுப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். 1993-இல் பயோனியர் கொண்டுவந்த லேசர்ஆக்டிவ் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒரே பெட்டியில் லேசர்டிஸ்க் (சினிமா பதிந்து வந்த பெரிய தட்டு) படம் பார்க்கலாம், ஆடியோ சிடி கேட்கலாம், முன்பக்கக் குழியில் சேகா மாட்யூலைச் செருகினால் சேகாவின் கேம் கன்சோலான மெகா டிரைவின் கார்ட்ரிட்ஜும், அதன் சிடி வடிவமான மெகா சிடியும் ஓடும், அதை உருவிவிட்டு என்இசி மாட்யூலைப் போட்டால் என்இசியின் பிசி எஞ்சின் கன்சோல் கேம்கள். கரோக்கிக்குக்கூடத் தனி மாட்யூல். இத்தனை செய்த பெட்டி சில வருடங்களிலேயே நின்றுபோனது. யாரைக் கேட்டாலும் விலை என்று முடித்துவிடுகிறார்கள். பாதி விலைக்குக் கொடுத்திருந்தால் ஓடியிருக்குமா?

பழைய சர்க்யூட்:
விலையை அவ்வளவு லேசில் ஒதுக்க முடியாது நண்பரே. அமெரிக்காவில் பெட்டி மட்டும் 970 டாலர், அதை வாங்கினால் கேம் ஆட முடியாது, சேகா மாட்யூலுக்கு இன்னொரு 600, என்இசி மாட்யூலுக்கும் 600. மூன்றும் வேண்டுமென்றால் 2170 டாலர். அதே ஆண்டு அக்டோபரில் 700 டாலருக்கு வந்த 3டிஓ கேம் கன்சோலையே விலை அதிகம் என்று ஜனங்கள் வாங்கவில்லை. அமெரிக்காவில் லேசர்டிஸ்க் வாங்கியவர்கள் பெரும்பாலும் சினிமா சேகரிப்பவர்கள், சேகா ஆடியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இரண்டு கூட்டமும் சேரும் இடம் ரொம்பச் சின்னது.

மெகாஎல்டி:
விலை பாதியாக இருந்தாலும் ஓடியிருக்காது என்பது என் கருத்து. தட்டு எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் புரியும். 30 செ.மீ. தட்டில் படம் அனலாக் சிக்னலாகத்தான் இருக்கும், டிஜிட்டல் ஒலிக்கு ஒதுக்கிய இடத்தில் சுமார் 540 எம்பி கேம் டேட்டாவை வைத்தார்கள். விண்கலச் சண்டை கேம் ஒன்றை ஆடும்போது பின்னால் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும், அதன் மேல் நம் விண்கலத்தையும் எதிரிகளையும் மட்டும் மாட்யூல் வரையும். பார்க்க அந்தக் காலத்துக்கு அசத்தல்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பின்னணி ஏற்கெனவே படம்பிடித்து முடித்தது, நாம் எந்தப் பக்கம் திருப்பினாலும் கலம் போகும் பாதை மாறாது. வேறு காட்சிக்குத் தாவ வேண்டுமென்றால் லேசர் தலை தட்டில் நகர்ந்து அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். 1994 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 39,800 யென்னுக்கு வந்து, காட்சியை அங்கேயே அப்போதே வரைந்து காட்டியது. அதற்கு மேல் இதற்கு என்ன இடம்?

அப்புறம், எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அந்த மாட்யூல் பிரிவினை. சேகா மாட்யூலுக்கென்று செய்த தட்டு என்இசி மாட்யூலில் ஓடாது. விற்றதே கொஞ்சம் பெட்டிகள்தான், அதையும் இரண்டாகப் பிரித்தால் எந்தக் கம்பெனி பெரிய தட்டு அச்சடித்துக் கேம் விடும்? சில கேம்களை இரண்டுக்கும் தனித்தனியாக வெளியிட வேண்டியிருந்தது. ஒரே மாட்யூலோடு உள்ளேயே பொருத்தி விற்றிருந்தால் இன்னும் சில நல்ல கேம்களாவது வந்திருக்கும்.

தட்டுப்பிரியன்:
நன்றி, இப்படி ஒரு பதிலைத்தான் எதிர்பார்த்தேன். பழைய பெட்டி ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பழைய சர்க்யூட்:
மாட்யூலைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் கசிந்து போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். கெப்பாசிட்டர் காலடியில் பச்சையாகவோ பிசுபிசுப்பாகவோ தெரிந்தால் ரிப்பேர் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். தட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே அலுமினியப் படலம் கெட்டுப்போயிருந்தால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

மெகாஎல்டி:
ஆடிப் பார்த்தால் போதும் என்றால் பெட்டியே வேண்டாம். படம் அனலாக் என்பதால் இந்தத் தட்டுகளை சிடி மாதிரிக் காப்பி எடுக்க முடியாது. லேசர் படிக்கும் சிக்னலை அப்படியே பிடித்துப் பதிவுசெய்யும் டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற கருவி வந்த பிறகுதான் வழி பிறந்தது. 2025-இல் ஆரெஸ் எமுலேட்டரில் (பழைய கன்சோல்களைப் போலவே கணினியில் இயங்கும் மென்பொருள்) சேகா மாட்யூல் கேம்களுக்கு ஆதரவு வந்துவிட்டது. ஒரு கேமின் கோப்பே பல ஜிபி இருக்கும், ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.