ஒன்பது மூட்டை அரிசி
(சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் தமிழ்க் குழு, சனிக்கிழமை காலை)

கவிதா, 8:05
எல்லாருக்கும் வணக்கம். ஏழாம் மாடியில் அடுப்படி தீப்பிடித்த வீட்டுக்கு இன்றைக்கும் சாப்பாடு கொண்டு போகலாம் என்று இருக்கிறோம். யார் யார் என்ன தருகிறீர்கள்? நேற்றுக் கொடுத்தபோது எடுத்த படம் கீழே.
(படம்)

பாத்திமா, 8:09
நான் நெய்ச்சோறு ஆக்குகிறேன். பிள்ளைகளுக்கு உறைப்பில்லாமல் கோழி தனியாக.

செல்வம், 8:11
என் பேரில் 5 கிலோ அரிசி ஒரு மூட்டை.

ஸ்டெல்லா அக்கா, 8:24
கவிதா, கோபித்துக்கொள்ளாதே, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடு. காரணம் அப்புறம் சொல்கிறேன்.

இப்போதுதான் மேலே போய்விட்டு வருகிறேன். அந்தம்மா கையில் கட்டோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியே களைத்துப் போயிருக்கிறார். தீயில் அவர்கள் பிரிட்ஜும் போய்விட்டது, அதை நாம் ஒருவரும் யோசிக்கவில்லை. வியாழன் ராத்திரி மட்டும் பதினான்கு டப்பா சாப்பாடு வந்திருக்கிறது, அதில் பிரியாணியே ஐந்து. காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் நுரை கட்டிப் புளித்துப் போய்விட்டது, அதை மகள்தான் அழுதுகொண்டே குப்பைக் குழாயில் கொட்டினாளாம், அந்த வீட்டில் சோற்றைக் கொட்டிப் பழக்கமே இல்லை. அப்புறம் அரிசி. எண்ணிவிட்டுத்தான் வந்தேன், ஒன்பது மூட்டை! ஓரறை வாடகை வீட்டில் ராத்திரி பாய் விரிக்கிற இடத்தில் அரிசி நிற்கிறது. சின்னவன் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொன்றை மேசையாக்கி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறான்.

செல்வம், 8:27
சரி, என் மூட்டை பத்தாவதாக வர வேண்டாம் 😅 அதற்காக உதவியே செய்யக் கூடாதா அக்கா?

ஸ்டெல்லா அக்கா, 8:35
அப்படிச் சொல்வேனா தம்பி? முதல் வாரம் எல்லாரும் வருவோம், ஐந்தாவது வாரம் யார் வருவது என்பதுதான் என் கவலை.

ஏழை வீடுகளுக்குப் போய் உதவுகிற எங்கள் கோயில் வின்சென்ட் தே பவுல் சபையில் அடிக்கடி பேசிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு. 1617இல் பிரான்சில் ஷாத்தியோன் என்கிற சின்ன ஊரில் வின்சென்ட் தே பவுல் பங்குச் சாமியாராக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், ஒரு வீட்டில் அத்தனை பேரும் நோயில் கிடக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று யாரோ வந்து சொல்ல, அவர் அதைப் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார். மத்தியானம் அவரே அந்த வீட்டுக்குப் போகும்போது பார்த்தால் வழி நெடுகச் சாப்பாட்டுக் கூடையோடு ஜனங்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் இன்றைக்கு இவ்வளவும் வீணாகும், நாளைக்கழித்து அதே வீடு பட்டினி கிடக்கும் என்று உடனே தோன்றிவிட்டது. பெண்களைக் கூட்டி முறை போட்டார். எந்த நாள் யார் சமைப்பது, நோயாளிக்கு ரொட்டி எவ்வளவு, இறைச்சி எவ்வளவு என்பதுவரை எழுதி வைத்தார்கள்.

நம் புளோக்கில் அதே கூத்து 400 வருடம் கழித்து.

முருகையா தாத்தா, 8:41
நல்ல கதைம்மா. நீங்கள் போகிற அந்தச் சபை அவர் ஆரம்பித்ததுதானா?

ஸ்டெல்லா அக்கா, 8:46
இல்லை தாத்தா, பேர்தான் அவருடையது. 1833இல் பாரிஸில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிலர் ஆரம்பித்தார்கள், அவர்களில் முக்கியமானவர் ஃபிரெடெரிக் ஓசானம், அப்போது இருபது வயது. உங்கள் மதம் ஒரு காலத்தில் நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று யாரோ ஒரு விவாதக் கூட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டார்களாம், அந்தக் கேள்வி சுட்டிருக்கிறது. ஆனால் எந்த வீட்டுக்குப் போவது, போனால் என்ன பேசுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை, ரோசலி என்கிற கன்னியாஸ்திரீதான் ஏழைகள் இருந்த தெருக்களுக்கு அனுப்பிப் பழக்கினார். இங்கே சிங்கப்பூருக்கு 1883இலேயே வந்துவிட்டது. நாங்கள் தமிழ்ப் பூசைக்குப் போகிற ஓப்பீர் ரோடு லூர்து மாதா கோயிலே 1888இல் கட்டியதுதான், அதைவிட மூத்தது எங்கள் சபை.

செல்வம், 8:52
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நேராகவே கேட்டுவிடுகிறேன். அரிசியோடு பைபிளும் வருமா?

கவிதா, 8:52
செல்வம் அண்ணே!!

ஸ்டெல்லா அக்கா, 9:01
கேட்கட்டும் கவிதா, மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

வராது தம்பி. மதம் பார்த்துக் கொடுப்பதில்லை, கொடுத்துவிட்டு மதம் பேசுவதும் இல்லை. நான் மாதம் இரண்டு தடவை போகிற ஒரு மலாய்ப் பாட்டி வீட்டுக்குத் தொழுகை நேரம் தள்ளித்தான் போவோம், பிஸ்கட் வாங்கினாலும் ஹலால் முத்திரை பார்த்துத்தான் வாங்குவோம். போன மாதம் பாட்டி எனக்கு முட்டிவலித் தைலம் கொடுத்தனுப்பினார், யார் யாருக்கு உதவுகிறார்கள் என்றே தெரியவில்லை.

எப்போதும் இரண்டு பேராகத்தான் போவோம், தனியாகப் போவதில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் கண் வீட்டில் இருக்கும். விளக்கு எரிகிறதா, மருந்து எந்தத் தேதிக்கு வாங்கியது, பிள்ளையின் பள்ளிச் சப்பாத்து வாயைப் பிளந்திருக்கிறதா. கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

ஒரு வீட்டில் (இந்த வட்டாரம் இல்லை) பையன் எப்போது பார்த்தாலும் கீழ்த்தளத்துக் கல்மேசையில் படித்துக்கொண்டிருந்தான். காற்றாட இருக்கிறான் என்று நான் நினைத்தேன். நான்காவது தடவைதான் தெரிந்தது, வீட்டில் மின்கட்டணம் பாக்கி விழுந்து முன்பணம் போட்டு ஓட்டுகிற மீட்டர் மாட்டியிருக்கிறார்கள், போடுகிற காசில் ஒரு பங்கு பழைய பாக்கிக்குப் போய்விடும், அதனால் ராத்திரி எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். அந்த வீட்டுக்கு நாங்கள் அதுவரை கொண்டு போனது என்ன தெரியுமா? மைலோ மாவும் மீ நூடுல்ஸ் பாக்கெட்டும். வேண்டியதோ மீட்டருக்குக் காசு.

பாத்திமா, 9:06
அல்லா. காசெல்லாம் எங்கிருந்து வருகிறது அக்கா?

ஸ்டெல்லா அக்கா, 9:11
கோயிலில் உண்டியல் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு துணிப்பை சுற்றி வரும், கையை உள்ளே விட்டுப் போட வேண்டியதுதான், யார் 50 வெள்ளி போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. சில மாதம் நானே வெறுங்கைதான்.

ஆனால் பெரிய செலவுகளுக்கு எங்கள் காசு போதாது. அதற்குச் சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்கிற அரசாங்கப் பண உதவிக்கு எழுத வேண்டும், சம்பளச் சீட்டு, மருத்துவர் விடுப்புச் சீட்டு, கணக்குப் புத்தகம் எல்லாம் கேட்பார்கள், தீயில் பாதிக் காகிதம் போன வீட்டில் அதைத் தேடி எடுப்பதே ஒரு வேலை. திங்கட்கிழமை நான் கூடப் போகிறேன். முடிவு வருகிறவரை நடுவில் சில வாரம் இருக்கிறதே, அந்த இடைவெளிதான் எங்கள் வேலை.

கவிதா, 9:14
அவர்களுக்கு எவ்வளவு கடன் இருக்கிறதாம்?

ஸ்டெல்லா அக்கா, 9:17
அதை இங்கே எழுத மாட்டேன். வேறு எங்கேயும் சொல்லவும் மாட்டேன்.

படத்தை எடுக்கச் சொன்னதும் இதற்குத்தான். எனக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்த வருடம் ஓர் அமைப்பு எங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தது. கொடுக்கும்போது பேனருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், நான் மூட்டையைப் பிடித்தபடி, அம்மா தலையைக் குனிந்தபடி. அது பத்திரிகையில் வந்து, என் வகுப்பில் ஒருத்தி வெட்டிக் கொண்டு வந்து காட்டினாள். அந்த அரிசி நல்ல அரிசிதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அம்மா அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய நேரத்திலும்.

கவிதா, 9:19
எடுத்துவிட்டேன் அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெல்லா அக்கா, 9:20
தெரியும்மா. நல்ல மனதோடுதான் போட்டாய்.

முருகையா தாத்தா, 9:26
சரி, முறை போடுவோம். சின்ன டப்பா, ஒரு வேளைக்கு மட்டும், ஒரு நாளுக்கு ஒரு வீடு. திங்கள் கவிதா, செவ்வாய் பாத்திமா, வியாழன் நான் (என் ரசத்தை யாரும் குறை சொல்லக் கூடாது). மற்ற நாள் அவர்களே சமைத்துக்கொள்ளட்டும், அந்தம்மாவும் கை ஆறியதும் சமைக்கத்தான் விரும்புவார். ஆறு வாரத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டெல்லாம்மா, அவரிடம் சம்மதம் கேட்டுச் சொல்.

ஸ்டெல்லா அக்கா, 9:28
கேட்கிறேன் தாத்தா. அவர்களுக்கு இரண்டு மூட்டை போக மீதி ஏழு மூட்டை அரிசியையும் அவர் சம்மதித்தால் வேறு நான்கு வீட்டுக்குக் கொண்டு போய்விடலாம், தூக்க ஆள் வேண்டும்.

செல்வம், 9:33
தூக்க நான் வருகிறேன். மச்சான் வீடு மாறுகிறான், இரண்டு கதவு பிரிட்ஜ் ஒன்று சும்மா நிற்கிறது. ஆனால் பெரிசு. அந்த வீட்டில் எங்கே வைப்பது?

ஸ்டெல்லா அக்கா, 9:35
அளந்து பார்க்காமல் கொண்டு வந்துவிடாதே தம்பி, அதுவும் பத்தாவது மூட்டை ஆகிவிடும். நான்கு மணிக்கு அளவு நாடாவோடு வா, சேர்ந்து போவோம்.

பாத்திமா, 9:41
என் முறை செவ்வாய்தான், சரி. ஆனால் நெய்ச்சோறு இப்போதே அடுப்பில் ஏறிவிட்டதே, அதை என்ன செய்வது?

முருகையா தாத்தா, 9:41
மூன்றாம் மாடிக்கு, என் வீட்டுக்கு அனுப்பு பிள்ளை.