நட்சத்திரச் சின்னம் போட்ட கட்சி: இதை ஐயா ஏன் பத்திரமாக வைத்திருந்தார்?

பள்ளத்தூர்ப் பேத்தி:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டை ஒழித்தோம். ஐயா (என் தாத்தா) காலத்துப் பெட்டகத்தில் பர்மாக் கணக்குப் பேரேடுகள் கிடந்தன. ஒன்றின் நடுவே, பழுத்து மடிப்பில் கிழிந்துபோன ஒரு தேர்தல் நோட்டீஸ். பெரிய நட்சத்திரம், கீழே சா. கணேசன் பெயர், காரைக்குடித் தொகுதி, 1962. கம்பன் கழகம் நடத்திய 'கம்பன் அடிப்பொடி' என்றுதான் அவரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் தேர்தலில் நின்றாரா? இது என்ன கட்சி, எங்கே போனது? எங்கள் ஐயா எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகாதவர் என்கிறார் அப்பச்சி (என் அப்பா).

தேவகோட்டை வாசகன்:
அது சுதந்திராக் கட்சி. 1959 ஜூன் 4 அன்று சென்னையில் ராஜாஜி அறிவித்தார். அப்போது அவருக்கு 80 வயது. என்.ஜி. ரங்கா தலைவர், மினு மசானி பொதுச்செயலாளர். 1962இல் மக்களவையில் 18 இடம், 1967இல் 44 இடம். அப்போது அவையில் பெரிய எதிர்க்கட்சியே அதுதான். 1971இல் 8 ஆகச் சுருங்கி, 1974இல் பாரதிய லோக் தளத்தில் கலந்துவிட்டது. சா. கணேசன் 1962இல் நின்றார், ஜெயித்தார்.

செக்காலைக்காரன்:
ஆத்தா, உங்கள் ஐயா அந்த நோட்டீஸை வேறெங்கும் வைக்காமல் பர்மாப் பேரேட்டுக்குள் வைத்திருக்கிறாரே, அதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் அப்பச்சி பர்மாவில் பெகு ஊர் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது கடைநிலை உதவியாளாக, போய் மேலாள் ஆனவர். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது கால்நடையாக ஊர் திரும்பினார். கையோடு கொண்டுவந்தது ஒரு பத்திரக் கட்டு மட்டும். 1948இல் பர்மா அரசு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டுவிட்டது. அதற்குப் பிறகும் வருஷா வருஷம் தை மாதம் அந்தக் கட்டைப் பிரித்து முற்றத்து வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பரப்புவார். பறக்காமல் இருக்க ஓரத்தில் புளியங்கொட்டை வைப்பது என் வேலை. சாயங்காலம் வேப்பிலை போட்டுத் திரும்பக் கட்டுவார். எதற்கு என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வந்ததில்லை.

இப்படிப்பட்ட வீடுகள் நிறைந்த ஊர் இது. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. நிலத்தை ஒன்றாகச் சேர்த்துப் பயிரிடுவது என்ற பேச்சு வந்ததும் இங்கே பலருக்கு அடிவயிறு கலங்கியது. 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்' என்று ராஜாஜி சாடியது வியாபாரிகளுக்கு அப்படியே புரிந்தது. அதற்கு முன்பே, 1957 வாக்கில், காமராஜர் காங்கிரஸோடு ஒத்துப்போகாத ராஜாஜி ஆதரவாளர்கள் தனிக்கட்சியாகப் பிரிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சுதந்திராவுக்கு வேர் அங்கே இருக்கிறது.

1962இல் எனக்குப் பத்து வயது. கணேசன் ஐயாவை நாங்கள் கம்பன் திருநாள் மேடையில் பார்த்தவர்கள். சட்டை போட மாட்டார். 1939இலிருந்து கம்பன் கழகத்தை நடத்தியவர் என்ற மரியாதைக்கே பாதிப்பேர் ஓட்டுப் போட்டார்கள் என்பது என் எண்ணம். பிப்ரவரியில் தேர்தல், மார்ச்சில் ரங்கூனில் நே வின் ராணுவ ஆட்சி. அடுத்த இரண்டு வருஷத்தில் வங்கியும் கடைகளும் அரசுக்குப் போயின. ராஜாஜி சொன்னது சரிதான் என்று அப்பச்சி அப்போது முழுதாக நம்பினார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த பெகு நிலம் எங்களுக்கு எப்படி வந்தது? 1930களில் நெல் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயி அதை விட்டுக்கொடுத்தான். முதலில் இழந்தவன் அவன். இருப்பதைக் காப்பாற்றுவது பற்றி சுதந்திராவிடம் நிறையப் பேச்சு இருந்தது. ஒன்றும் இல்லாதவனுக்குச் சொல்ல அதிகம் இல்லை. எங்கள் வயலில் வேலை பார்த்தவர்கள் அந்த நட்சத்திரத்தின் பக்கம் வராததில் எனக்கு வியப்பே இல்லை.

கோட்டையூரான்:
அண்ணே, ஒரு விஷயம். அரசுத் திட்டம் என்றாலே நம் ஊருக்கு ஆகாது என்று வைத்துக்கொள்ளக் கூடாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், நேரு 1948இல் அடிக்கல் நாட்டினார், காரைக்குடிக்கு சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. என் அப்பாவுக்கு அங்கேதான் வேலை. எங்கள் வீட்டில் நட்சத்திரத்துக்கு ஓட்டு விழுந்ததில்லை.

செக்காலைக்காரன்:
உண்மைதான் தம்பி. அந்தக் கட்சிக்குத் தமிழ்நாட்டில் சொந்தக் கூட்டம் குறைவு. 1967இல் சட்டமன்றத்தில் 20 இடம் கிடைத்தது அண்ணாவோடு கூட்டணி வைத்ததால். கூட்டம் அவருடையது. 1971இல் அத்தனை வருஷம் எதிர்த்த காமராஜரோடு ராஜாஜி கைகோத்தார். அப்பச்சிக்கு அது ஆறவே இல்லை, அந்தத் தடவை ஓட்டுப் போடவும் போகவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் ராஜாஜி காலமானார். அதோடு இங்கே யாரும் அந்தக் கட்சியைப் பேசி நான் கேட்டதில்லை.

பள்ளத்தூர்ப் பேத்தி:
ரொம்ப நன்றி பெரியப்பச்சி. படித்ததும் மறுபடி போய்ப் பேரேட்டைத் திறந்தேன். நோட்டீஸ் இருந்த பக்கத்தில் பற்று மட்டும் நிறைய எழுதியிருக்கிறது, வரவுப் பக்கம் காலி. எல்லாம் பழைய தமிழ் எண்களும் பின்னங்களும். அப்பச்சிக்கே பாதிக்கு மேல் வாசிக்க வரவில்லை. நாளை படம் எடுத்துப் போடுகிறேன். எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துச் சொல்ல முடியுமா?