கீழக்கரையிலிருந்து எட்டயபுரம், பாரதி வீடு பார்க்கப் போகிறோம்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

காக்காமார், லாத்தாமார், நண்பர்கள் எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

வாப்பாவையும் தங்கச்சி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எட்டயபுரம் போகிறோம். பாரதி 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த வீடு அங்கே நினைவில்லமாக இருக்கிறது. புதுச்சேரி வீட்டுக்கே போகலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அவர் 1908 முதல் பத்து வருடம் இருந்து எழுதிக் குவித்த ஊர், சரிதான். ஆனால் பதினொரு வயதில் ‘பாரதி’ பட்டம் வாங்கியது எட்டயபுரத்தில். எங்கள் பிள்ளைகளுக்கும் இப்போது அதே வயசு. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வீட்டைத்தான்.

வாப்பாவுக்கு இன்னொரு ஆசை. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருப்பதும் எட்டயபுரத்தில்தான். அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி எங்கள் ஊர்க்காரர். அந்தப் புலவரின் அடக்கத்தலத்தில் நின்று துஆ செய்ய வேண்டும் என்று வாப்பா வெகுநாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஏர்வாடி, சாயல்குடி, விளாத்திகுளம் வழியாக வேனில் போகலாம் என்று திட்டம். சாலை இப்போது எப்படி? பாரதி வீட்டுக்கு வார விடுமுறை எந்த நாள்? மதியம் பூட்டுவார்களா? வாப்பாவுக்கு முழங்கால் வலி, படி அதிகமா? பிள்ளைகளுக்கு நின்று விளக்கிச் சொல்ல அங்கே ஆள் உண்டா? அப்புறம், 1947-இல் திறந்த பாரதி மணிமண்டபத்துக்கு வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாமா?

சமீபத்தில் போய்வந்தவர்கள் சொன்னால், அதைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.