பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு எக்ஸ்டெண்டெட் வாரண்டி எடுக்கலாமா?

கேள்வி:
ஐந்து வருடம் ஓடிய டீசல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பேசி முடித்திருக்கிறேன். கம்பெனி வாரண்டி முடிந்துவிட்டது. இரண்டு வருட எக்ஸ்டெண்டெட் வாரண்டி போட்டுத் தருகிறேன், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் அதில் வந்துவிடும், ஆனால் இன்றே பணம் கட்டவேண்டும் என்று விற்பவர் அவசரப்படுத்துகிறார். எடுக்கலாமா, இல்லை அந்தப் பணத்தை ரிப்பேருக்கென்று தனியாகப் போட்டு வைக்கலாமா? வீட்டில் இருப்பது இந்த ஒரு வண்டிதான்.

பதில் 1:
அவர் வாயால் சொல்வதை விடுங்கள், ஒப்பந்தத்தின் முழுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எது எது சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். இன்ஜின் வாரண்டியில் வரும் என்றால் பல திட்டங்களில் உள்ளே ஆயிலில் நனைந்து ஓடும் பாகங்கள் மட்டும்தான். வெளியே மாட்டியிருக்கும் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ரேடியேட்டர் எல்லாம் அதில் இருக்கிறதா என்று பெயர் பெயராகப் பாருங்கள். உங்களுடையது டீசல், அதனால் டர்போ, இன்ஜெக்டர், புகை வடிகட்டி மூன்றையும் கட்டாயம் தேடுங்கள். டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும்) கியர்பாக்ஸாக இருந்தால் பல திட்டங்களில் கிளட்சைத் தேய்மானப் பொருள் என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பதில் 2:
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றார்கள், சரி என்று கையெழுத்துப் போட்டேன், பிரித்த பிறகு இது வாங்கும்போதே இருந்த கோளாறு என்று கிளெய்மைத் தள்ளிவிட்டார்கள். பிரித்த கூலி, திரும்பப் பூட்டிய கூலி இரண்டும் என் தலையில். அதனால் பணம் கட்டுவதற்கு முன் விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டி, ஸ்கேனர் போட்டு வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடு (கோளாறு குறியீடு) பார்த்து, தேதியோடு ரிப்போர்ட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக்கூட நேரம் தராதவரிடம் வாரண்டி மட்டுமில்லை, வண்டியே வாங்க வேண்டாம்.

பதில் 3:
நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். கார் கம்பெனியே தரும் திட்டமாக இருந்து, சர்வீஸ் புத்தகமும் விடுபடாமல் இருந்தால் தாராளமாக எடுங்கள், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு தடவை போனாலே கட்டிய பணத்தைவிடப் பல மடங்கு செலவு வைக்கும். வெளி நிறுவனத் திட்டம் என்றால் ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு எவ்வளவு, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் காட்டலாமா, முதல் சில வாரங்களுக்குக் கிளெய்ம் கிடையாது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆயில் மாற்றிய பில் ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. தாளைக் கேட்டேன், பணம் கட்டிய பிறகுதான் தருவார்களாம். அந்த வாரண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மெக்கானிக் பார்த்து ரிப்போர்ட் சரியாக இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு, கம்பெனி திட்டத்தில் இந்த வயது வண்டியைச் சேர்ப்பார்களா என்று ஷோரூமில் நேரடியாக விசாரிக்கிறேன்.