திருகோணமலையில் கிடைத்த பழைய பித்தளைக் கோதுகள்: அடிமுத்திரையும் மறுநிரப்பலும் பற்றிய ஐயங்கள்

உவர்மலையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மப்பா திருகோணமலைப் பிரித்தானியக் கடற்படைத் தளத்தில், அது 1957ஆம் ஆண்டு இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை வேலை பார்த்தவர். அவர் விட்டுச் சென்ற மரப்பெட்டியில் சில பித்தளைத் தோட்டாக் கோதுகள் இருக்கின்றன. அனைத்தும் சுடப்பட்ட வெறுங்கோதுகள். வாய் திறந்திருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை, அடியில் ஊசி குத்திய பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. அடிவிளிம்பில் கே, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும், அவற்றுக்கிடையே ஓர் அம்புக்குறியும், 42 என்ற எண்ணும், ரோம இலக்கத்தில் ஏழும் பொறிக்கப்பட்டுள்ளன.

இவை எந்தத் துவக்குக்கு உரியவை? வெளிநாடுகளில் பழைய துவக்குகளைச் சுடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஒரே கோதைப் பலமுறை நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள் என்று வாசித்திருக்கிறேன். இந்தக் கோதுகளையும் அவ்வாறு நிரப்ப முடியுமா, அதனை நம் நாட்டில் சட்டப்படி செய்ய இடமுண்டா என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பழந்துவக்கு ஆர்வலர் (இங்கிலாந்து) எழுதியது:

தம்பி, உங்களிடம் இருப்பவை பூனாவுக்கு அருகிலுள்ள கிர்க்கி வெடிபொருள் தொழிற்சாலையில் 1942ஆம் ஆண்டு செய்யப்பட்ட பொயின்ற் 303 (0.303 அங்குலக் குழாய்க்குரிய) தோட்டாக்களின் கோதுகள். அம்புக்குறி பிரித்தானிய அரசுடைமையைக் காட்டும் முத்திரை. ரோம ஏழு, 1910ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட ஏழாம் வகை ரவையைக் குறிக்கிறது. அதன் ரவை கூர்முனையும் 174 கிரெயின், அதாவது ஏறக்குறைய 11.3 கிராம் எடையும் உடையது. லீ என்பீல்ட் ரைபிள், பிரென் இயந்திரத் துவக்கு, விக்கர்ஸ் இயந்திரத் துவக்கு ஆகிய மூன்றும் இதே தோட்டாவைச் சுட்டன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய வான்படை திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து எழுந்த ஹரிக்கேன் விமானங்களும் 303 இயந்திரத் துவக்குகளையே சுமந்திருந்தன. அவ்விமானங்களின் தோட்டா நாடாக்களில் கவசம் துளைக்கும் ரவைகளும் தீமூட்டும் ரவைகளும் கலந்து கோக்கப்பட்டன. அவற்றுக்கு அடிமுத்திரை வேறு. உங்களுடையவை சாதாரண ரவைக்குரியவை என்பதால், எந்தக் கருவியிலிருந்து வந்தவை என்று முத்திரையை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது.

இவற்றை மறுபடி நிரப்பலாமா என்றால், கூடாது என்பதே என் உறுதியான பதில். அதற்கான காரணங்கள் இந்தப் பொழுதுபோக்கின் உள்ளடக்கத்தையே விளக்குவதால் சற்று விரிவாக எழுதுகிறேன். கோதின் அடியில் உள்ள பற்றவைப்புத் தொப்பியில் இரண்டு முறைகள் உண்டு. வூலிச் நகரின் அரச ஆய்வுகூடத்தில் பணியாற்றிய பிரித்தானியரான எட்வர்ட் பொக்சர் வகுத்த முறையில் தொப்பிக்குள்ளேயே சிறு பட்டடை, அதாவது ஊசி குத்தும்போது தொப்பியின் மருந்து நசுங்கும் மேடு, இருக்கும். கோதின் நடுவில் ஒரே துளை இருப்பதால் மெல்லிய ஊசியால் பழைய தொப்பியைத் தள்ளி வெளியேற்றிவிடலாம். அமெரிக்கரான ஹைரம் பெர்டான் வகுத்த முறையில் பட்டடை கோதிலேயே அமைந்திருக்க, அதன் இருபுறமும் நுண்துளைகள் இருக்கும். பழைய தொப்பியை எளிதில் அகற்ற முடியாது. பிரித்தானியரின் கண்டுபிடிப்பை அமெரிக்கர்களும், அமெரிக்கரின் கண்டுபிடிப்பைப் பிரித்தானியப் படையும் ஐரோப்பாவும் கைக்கொண்டன. பிரித்தானிய வகை 303 இராணுவக் கோதுகள் பெரும்பாலும் பெர்டான் முறையைச் சேர்ந்தவை. மேலும், அக்காலத்தில் கோடைற் என்ற கயிறு போன்ற புகையற்ற மருந்தை, கோதின் கழுத்தை ஒடுக்குவதற்கு முன்பே உள்ளே வைத்தார்கள். கழுத்து ஒடுங்கிய பின் அந்தக் கட்டு நுழையாது. அதாவது, இக்கோதுகள் மறுபடி நிரப்பப்படும் என்ற எண்ணமே இல்லாமல் செய்யப்பட்டவை. எண்பது ஆண்டுகள் கடந்த பித்தளை நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கவும் கூடும். சுடும்போது அது பிளந்தால் வாயு பின்புறமாகச் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

நாங்கள் நிரப்புவது பெரும்பாலும் புதிதாகச் செய்யப்பட்ட பொக்சர் முறைக் கோதுகளை. பழைய தொப்பியை நீக்கி, விரிந்த கோதை அச்சில் இட்டு முன்னைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுத் தொப்பியும் மருந்தும் இட்டு, ரவையைப் பொருத்துவதே வேலை. அளவுகளை வெளியிடப்பட்ட அட்டவணையிலிருந்து எடுப்போமே தவிர, ஒருபோதும் ஊகிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் படையின் மாட்டினி ஹென்றி ரைபிளை விரும்புவோருக்கு இது தவிர வழியில்லை, ஏனெனில் அதன் தோட்டாவைப் படைத் தொழிற்சாலைகள் கைவிட்டு நெடுங்காலம் ஆகிறது. அந்த ரைபிளின் முதற் கோதுகள் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டவை; 1885ஆம் ஆண்டு சூடானில் நடந்த அபு கிளியாச் சண்டையில் அவை சூட்டிலும் மணலிலும் சிக்கிக்கொள்ள, வீரர்கள் துவக்கு இயங்காமல் நின்றார்கள். ஒரு தாக்குதலின் நடுவே மனிதர்களின் உயிர் ஒரு கோதின் சுவர்த் தடிப்பில் தங்கியிருந்தது என்பதை, அதே கோதைக் கையால் நிரப்பிச் சுட்டுப் பார்த்தவன் நூலில் படித்தவனைவிட நன்றாக உணர்வான். இதற்காகவே நான் இந்தப் பொழுதுபோக்கை நேசிக்கிறேன்.

மாட்டினி ஹென்றி போன்ற பழைய துவக்குகளில் இடப்படும், புகை கக்கும் கருமருந்தின் குணத்தையும் சொல்ல வேண்டும். அது எரிந்தபின் பாதிக்கு மேற்பட்ட பங்கு திண்மக் கசடாக எஞ்சுகிறது. அதனாலேயே பிரவுண் பெஸ் என்ற, வாய்வழி நிரப்பும் பழைய துவக்கின் குழாய் ஏறத்தாழ 0.75 அங்குலமாக இருக்க, குண்டு 0.69 அங்குல அளவில் வார்க்கப்பட்டது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சில வெடிகளுக்குப் பின் குண்டு உள்ளே இறங்காது. 1888ஆம் ஆண்டு வந்த லீ மெற்போர்ட் ரைபிளின் குழாயில், ரவையைச் சுழலச் செய்யும் உள்வரிகள் ஆழங்குறைந்து வளைவாக இருந்ததும் இந்தக் கசடு படியக்கூடாது என்பதற்காகவே. கோடைற் வந்தவுடன் அதன் வெப்பம் அவ்வரிகளை விரைவில் தேய்த்துவிட, ஆழமான ஐந்து வரிகளுடன் 1895ஆம் ஆண்டு லீ என்பீல்ட் பிறந்தது. கருமருந்துக்கென்று செய்யப்பட்ட துவக்கில் புகையற்ற மருந்தை இடுவது குழாயை வெடிக்கச் செய்யக்கூடும்; ஆகவே ஒருபோதும் இடக்கூடாது. இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை.

இங்கும் இது கட்டற்ற பொழுதுபோக்கு அன்று. சுடுவதற்கான துவக்குக்கு ஒரு சான்றிதழும், கருமருந்து வைத்திருப்பதற்கு வேறொரு சான்றிதழும் பொலிஸாரிடம் பெற வேண்டும்.

கோட்டையடி ஆசிரியர் எழுதியது:

இங்கிலாந்து அன்பர் விளக்கியதற்கு மேல் நம் நாட்டு நிலையை மட்டும் சேர்க்கிறேன். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருள் சட்டமும் இங்கு நடைமுறையில் உள்ளன. உரிமமின்றித் துவக்கு வைத்திருப்பதும் வெடிமருந்து செய்வதும் குற்றம். நம் கிராமங்களில் இடியன் என்று அழைக்கப்படும் வாய்வழி நிரப்பும் துவக்குக்கும் இது பொருந்தும். பழையது, நாட்டுக் கொல்லர் செய்தது என்பதால் சட்டம் விலகிவிடாது. ஆகவே வீட்டில் தோட்டா நிரப்புவதை எண்ணவே வேண்டாம், தம்பி. வெறுங்கோதுகள் என்றாலும், போர் நடந்த மாவட்டத்தில் அவற்றை எவருக்கும் விளக்கமின்றிக் காட்டாமல், பொலிஸ் நிலையத்தில் ஒருமுறை தெரிவித்து வைப்பது நல்லது. நிலத்தைத் தோண்டும்போது ரவையுடன் கூடிய தோட்டாவோ வேறு வெடிபொருளோ தென்பட்டால் தொடாமல் 119க்கு அழையுங்கள். தொல்பொருள் தேடி அகழ்வதற்கு 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சுடாமலேயே கற்க இவ்வூரில் நிறைய இருக்கிறது என்பது என் துணிபு. போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தரும், 1782 ஜனவரியில் ஆங்கிலேயரும், அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் கடற்படைத் தளபதி சுஃப்ரன் தலைமையிலான பிரெஞ்சுக்காரரும், பின்னர் மீண்டும் ஒல்லாந்தரும், 1795இல் மறுபடி ஆங்கிலேயரும் கைப்பற்றினர் அல்லது பெற்றனர். ஆங்கிலேயர் காலத்துப் பழைய வார்ப்புப் பீரங்கி எதையேனும் காணும்போது அதன் உடலில் கோடிட்டுப் பிரித்த மூன்று எண்கள் பொறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். முதலாவது 112 இறாத்தல் கொண்ட அந்தர், இரண்டாவது 28 இறாத்தல் கொண்ட கால் அந்தர், மூன்றாவது தனி இறாத்தல். 32, 1, 10 என்றிருந்தால் அதன் எடை 3,622 இறாத்தல். மாணவர்களுக்கு இந்தக் கணக்கைச் செய்யக் கொடுத்தால், அந்தப் பாரத்தை மலைமுனைக்கு ஏற்றியவர்கள் யார் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே எழும். கடற்படைத் தளத்துக்குள் இருக்கும் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகத்துக்கு வாயிலில் அனுமதி பெற்றுச் சென்றால் பிற்காலக் கரையோரப் பீரங்கிகளைக் காணலாம்.

உவர்மலையான் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி, ஐயா. நிரப்பும் எண்ணத்தைக் கைவிட்டேன். அடுத்த வாரமே பொலிஸ் நிலையத்தில் தெரிவிப்பேன். கோதுகள் கறுத்திருக்கின்றன. அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கித் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பழந்துவக்கு ஆர்வலர் (இங்கிலாந்து) எழுதியது:

வேண்டாம், தம்பி. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் துலக்கினால் அடிமுத்திரையின் விளிம்புகள் தேய்ந்துபோகும்; அந்தக் கறுப்புப் படலமே பித்தளைக்குக் காப்பு. மென்மையான துணியால் தூசியை மட்டும் துடைத்து, ஈரமில்லாத பெட்டியில் வையுங்கள், ஏனெனில் உங்கள் ஊரின் உப்புக்காற்று கடுமையானது. அமோனியா கலந்த எந்தத் துப்புரவுத் திரவமும் அருகில் வரக்கூடாது. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்ட தோட்டாக்களின் கோதுகள் தாமாகவே வெடிப்புற்றன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளையில் எஞ்சியிருந்த இறுக்கத்தோடு சேர்ந்து அதைப் பிளக்கிறது என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. கழுத்துப் பகுதியில் மயிரிழை போன்ற நீள்வெடிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்த்து, இருந்தால் படமெடுத்து இங்கே இடுங்கள்.