மும்பைக் கடற்கரைக்கு எந்த மெட்டல் டிடெக்டர்: எளியதா, மேம்பட்டதா?

செம்பூர்வாசி:
வணக்கம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஜுஹு, அக்சா பக்கம் மணலில் தேட ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன். காசு பார்க்கும் எண்ணமெல்லாம் கிடையாது, பையன் மொபைலை வைத்துவிட்டு வெளியே வந்தால் போதும், யாரோ தொலைத்த மோதிரம் கிடைத்து அதை அவர்களிடமே சேர்க்க முடிந்தால் ரொம்ப சந்தோஷம். பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று காரெட் ஏஸ் 300, சில பட்டன்தான், எடுத்ததும் ஓட்டலாம் என்கிறார்கள். இன்னொன்று மைன்லேப் எக்வினாக்ஸ், விலை இரண்டு மடங்குக்கும் மேலே, கஸ்டம்ஸ் வேறு. ஆரம்பத்துக்கு எளியதே போதும் என்கிறார் ஒரு நண்பர், வாங்குவதை ஒரேயடியாக நல்லதாக வாங்கிவிடு என்கிறார் இன்னொருவர். இதற்கு நடுவில் ஒரு கடைக்காரர், ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புதைந்திருக்கும் தங்கத்தையே காட்டும் என்று ஆன்டெனா வைத்த கருவி ஒன்றைக் காட்டினார், விலை எக்வினாக்ஸையும் தாண்டுகிறது. அதில் ஏதாவது உண்மை இருக்கிறதா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

அலைமணல்:
எளியதையே வாங்குங்கள் சார். பையனோடு போகிறீர்கள், மெனுவைத் தட்டிக்கொண்டே இருந்தால் அவனுக்குச் சலித்துவிடும். மக்கள் உட்கார்ந்து, சாப்பிட்டு, விளையாடிவிட்டுப் போகும் உலர்ந்த மணலில்தான் பாதிப் பொருள் கிடக்கிறது, அங்கே ஏஸ் 300 தாராளமாகப் போதும். நாணய அளவுப் பொருள் நல்ல மணலில் ஒரு சாண் ஆழம் வரை தெரியும். எந்த மெஷினாக இருந்தாலும் காயிலை, அதாவது கம்பியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, மணலுக்கு இணையாக வைத்து, மெதுவாக, போன தடத்தின் மேலேயே கொஞ்சம் ஏறும்படி வீச வேண்டும். அதைப் பழகாமல் விலையுயர்ந்த மெஷினை எடுத்துக்கொண்டு வேகமாக நடப்பவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை முதல் நாளே முழுக்கப் போட்டுவிடாதீர்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களில் இன்று கையில் புழங்குபவை பெரும்பாலும் ஃபெரிட்டிக் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல், காந்தத்தில் ஒட்டும். மெஷின் அதை ஒரு நேரம் இரும்பு என்று தள்ளும், ஒரு நேரம் திரையில் உலோக வகையைச் சொல்லும் எண்ணை எங்கேயோ ஏற்றிக் காட்டும். நாணயம் எடுப்பதில்தான் பையனுக்கு ஆசை என்றால், வீட்டிலேயே எல்லா நாணயத்தையும் ஒரு மோதிரத்தையும் தரையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் சத்தத்தையும் காதால் பழகச் சொல்லுங்கள்.

லேமிங்டன் ரோடு:
அலைமணல் சொல்வது உலர்ந்த மணலுக்குச் சரி. ஈர மணலுக்குச் சரியில்லை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

காயில் மணலுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது, அது உலோகத்தில் பட்டால் அங்கே சுழல் மின்னோட்டம் உண்டாகி பதிலுக்கு ஒரு சின்னப் புலம் வருகிறது, மெஷின் கேட்பது அதைத்தான். சிக்கல் என்னவென்றால் உப்புத் தண்ணீர் ஊறிய மணலும் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே அதுவும் பதில் தரும், அந்தப் பதில் மெல்லிய அலுமினியத் தாளும் சின்னத் தங்கத் தோடும் தரும் பதிலுக்குப் பக்கத்திலேயே வந்து விழும். ஏஸ் 300 வேலை செய்வது 8 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில். அதில் உப்பின் சத்தத்தை அடக்க சென்சிடிவிட்டியை, அதாவது உணர்திறனை, குறைத்தால் ஆழம் போகும், அந்த எண்களை ஒதுக்கினால் நீங்கள் தேடும் சின்னத் தங்கமும் சேர்ந்து ஒதுங்கிவிடும். மும்பையில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. நம் காலடியில் இருப்பது தக்காணத்து பசால்ட் பாறை, அது தேய்ந்து வரும் கருமணலில் காந்தத்தன்மையுள்ள இரும்புத் தாது உண்டு. உப்பு ஒரு பக்கம் இழுக்கும், கருமணல் வேறு பக்கம் இழுக்கும், ஒரே அதிர்வெண் மெஷின் இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்கத் திணறும். பல அதிர்வெண்களை ஒன்றாக அனுப்பும் எக்வினாக்ஸ் போன்ற மெஷின் அவற்றை ஒப்பிட்டு உப்பைத் தனியாகக் கழித்துவிடுகிறது.

ஆனால் அதற்காக எக்வினாக்ஸ்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பட்டன் எத்தனை என்பது வேறு, காயிலுக்குள் என்ன நடக்கிறது என்பது வேறு, கடையில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எளியது, மேம்பட்டது என்று விற்கிறார்கள். மைன்லேப் வான்குவிஷ் வரிசை 2019-ல் வந்தது, அதுவும் பல அதிர்வெண்தான், ஆனால் கிரவுண்ட் பேலன்ஸை, அதாவது மண்ணின் தாதுவுக்கு ஏற்ப மெஷினைச் சரிசெய்வதை, அதுவே பார்த்துக்கொள்ளும், ஓட்டுவது ஏஸ் அளவுக்கே சுலபம். அதில் 440 எடுங்கள், 340-ல் பொருள் இருக்கும் சரியான இடத்தைக் காட்டும் பின்பாயின்ட் கிடையாது, அது இல்லாமல் பையன் கண்ட இடமெல்லாம் தோண்டுவான். எக்வினாக்ஸ் 600, 800 இரண்டும் மூன்று மீட்டர் ஆழம் வரை தண்ணீரில் முங்கும். வான்குவிஷில், ஏஸில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக் கூடாது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தேடும் திட்டம் இருந்தால் ஒழிய அந்தக் கூடுதல் பணம் உங்களுக்கு வேண்டாம். பையனோடு என்றால் இறங்கவே வேண்டாம், அக்சாவின் இழுப்பு எத்தனை உயிரை வாங்கியிருக்கிறது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த ஆன்டெனா கருவி பக்கமே போகாதீர்கள். தூரத்திலிருந்து தங்கத்தைக் காட்டும் எந்தக் கருவியும் உலகத்தில் இல்லை. இதே மாதிரி ஆன்டெனா வைத்த ஏடிஇ 651 என்ற போலிக் கருவியை வெடிகுண்டு காட்டும் என்று சொல்லி இராக் சோதனைச் சாவடிகளுக்கு விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் பத்து வருட சிறைத் தண்டனை கொடுத்தது. உள்ளே வேலை செய்யும் பாகம் எதுவுமே இல்லை. அதை நம்பி மக்கள் செத்தார்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வசாய் தமிழன்:
மெஷினைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் சட்டம் சொல்கிறேன். 1878-ம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நேற்று யாரோ தவறவிட்ட மோதிரம் புதையல் இல்லை, ஆனால் அது உங்களுடையதும் இல்லை, உரியவரைத் தேடுங்கள், கிடைக்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய நாணயம் எதுவும் தட்டுப்பட்டால் 1972 தொல்பொருள் சட்டம் வந்துவிடும், கழுவித் தேய்க்காமல் அப்படியே தெரிவியுங்கள். எங்கள் வசாய் கோட்டைக்குள், கன்ஹேரியில், எலிஃபன்டாவில் மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது, எல்லாம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். மண்ணுக்குள் அந்தப் பொருள் எந்த இடத்தில் எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளர்களுக்கு வேண்டிய செய்தி, பிடுங்கி எடுத்தால் அது போய்விடும்.

26/11-க்குப் பிறகு இந்த ஊர்க் கடற்கரையில் கம்பியும் ஹெட்ஃபோனுமாக ஒருவர் நடந்தால் போலீஸ் கட்டாயம் கேட்பார்கள். முதல் தடவை போகும் முன் அந்தப் பகுதி ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

செம்பூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி, ஆன்டெனா ஆசையை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். உப்புதான் பிரச்சினை என்றால் காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் பல்ஸ் இண்டக்ஷன் மெஷினுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை, ஆழமும் அதிகம் என்று படித்தேன். அதையே வாங்கினால் என்ன? அக்காவின் மெல்லிய சங்கிலி ஒன்று ஜுஹுவில்தான் போனது, அதற்கு எது உதவும்?

லேமிங்டன் ரோடு:
பல்ஸ் இண்டக்ஷன் உப்பையும் கருமணலையும் நன்றாகவே தாங்கும், ஆழமும் நிஜம். ஆனால் இரும்பையும் தங்கத்தையும் சரியாகப் பிரித்துச் சொல்லாது. கணபதி விசர்ஜனம் நடக்கும் கரையில் சிலைக்குள் இருந்த கம்பி, ஆணி, பாட்டில் மூடி எல்லாம் மணலில் கலந்து கிடக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தோண்ட வேண்டியிருக்கும். ஆள் நடமாட்டம் குறைந்த சுத்தமான கடற்கரைக்கு அது நல்ல மெஷின், ஜுஹுவுக்கு இல்லை.

சங்கிலி விஷயத்தில் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீளமாக இருந்தாலும் மெஷினுக்கு அது ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகத்தான் தெரியும், மெல்லிய சங்கிலியில் பெரும்பாலும் கொக்கி மட்டும்தான் சத்தம் தரும். டாலர் கோத்திருந்தால் வாய்ப்பு உண்டு. வான்குவிஷில் ஜுவல்லரி மோடில் வைத்து, சென்சிடிவிட்டியை உச்சத்தில் வைக்காமல், பாக்கெட்டில் மொபைல் இல்லாமல் தேடுங்கள்.

அலைமணல்:
ஈர மணலுக்கு நான் வான்குவிஷையே ஒப்புக்கொள்கிறேன், உலர்ந்த மணலோடு நிற்பவர்களுக்கு ஏஸ். செம்பூர்வாசி சார், மழைக்காலத்து அலை மேல் மணலை அரித்துக்கொண்டு போயிருக்கும், அதனால் மழை முடிந்த கையோடு, தண்ணீர் இறங்கும் நேரம் பார்த்துப் போங்கள். சல்லடை போட்ட ஸ்கூப்பை இறக்குமதி செய்ய வேண்டாம், குர்லா பக்கம் ஏதாவது வெல்டிங் பட்டறையில் ஓட்டை போட்ட ஸ்டீல் தகட்டில் செய்துகொள்ளலாம், விலை ரொம்பக் குறைவு. தோண்டிய குழியை அன்றன்றே மூடிவிடுங்கள், குழந்தைகள் ஓடும் இடம்.