ரிப்போர்ட்டில் லூஸ், பிரேக், எஃபெக்ட்: எந்த ஸ்பெல்லிங்?

கேள்வி (ஓசூர்): வார்ப்படப் பட்டறையில் தர ஆய்வு ரிப்போர்ட்டை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். லூஸ், பிரேக், அஃபெக்ட், எஃபெக்ட், அட்வைஸ் எல்லாம் இடம் மாறி விழுகின்றன. ஸ்பெல் செக் ஒரு கோடு கூடப் போடுவதில்லை. என்ன வழி?

பதில் (கிருஷ்ணகிரி): கோடு போடாது சார். தப்பாக விழுந்ததும் அகராதியில் இருக்கிற சொல்தானே.

முதலில் பிரேக். இதில்தான் வில்லங்கம் அதிகம். ‘ஏ, கே, ஈ’ என்று முடிந்தால் வண்டியை நிறுத்துவது. ‘ஈ, ஏ, கே’ என்று முடிந்தால் உடைவது. பிரேக் டெஸ்ட்டில் இதை மாற்றிப் போட்டால், பாகத்தை உடைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார்.

லூஸ் தகராறுக்குக் காரணம் நம் காது. தமிழுக்கு ‘ஸ்’ ஒன்றுதான், இங்கிலீஷில் இரண்டு. பாம்பு சீறுகிற மாதிரி முடிந்தால் போல்ட் லூஸ், அதற்கு இரண்டு ‘ஓ’. தேனீ ரீங்காரம் மாதிரி முடிந்தால் இழப்பது, ஒரே ‘ஓ’. லாஸ், லாஸ்ட் இரண்டிலும் ஒரு ‘ஓ’தானே, அதே குடும்பம். சந்தேகம் வந்தால் தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். ரீங்காரத்துக்கு அதிரும், சீறலுக்கு அதிராது.

அட்வைஸும் இப்படியே. சீறினால் ‘சி’ போட்டு அறிவுரை. அதிர்ந்தால் ‘எஸ்’ போட்டு அறிவுரை சொல்வது. அறிவுரை என்ற பொருளில் கடைசியில் இன்னொரு ‘எஸ்’ சேர்த்துப் பன்மையாக்காதீர்கள், அது கிடையாது.

பதில் (தருமபுரி): எஃபெக்ட்டுக்கு ஆபீஸ் ஆர்டரைப் பாருங்க. ‘டபிள்யூ.இ.எஃப்.’ என்று தேதிக்கு முன்னால் போடுவோமே, ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’. நடுவில் இருக்கிற ‘இ’தான் எஃபெக்ட். முன்னால் ‘தி’ வந்தால் பெரும்பாலும் அதுதான், விளைவு. பாதிக்கிறது என்று சொன்னால் ‘ஏ’. மணலில் ஈரம் கூடினால் வார்ப்பை அஃபெக்ட் செய்யும். உள்ளே காற்றுப்பொத்தல் விழுவது அதன் எஃபெக்ட். ஒரு விதிவிலக்கு: பணப் பட்டுவாடாவை நிறைவேற்றுவதை ‘எஃபெக்ட் பேமெண்ட்’ என்பார்கள், வினையாக இருந்தும் ‘இ’தான்.

கேள்வி (ஓசூர்): ரொம்ப நன்றி. லைசென்ஸ்? ‘சி’ போட்டால் சிவப்புக் கோடு வருகிறது.

பதில் (கிருஷ்ணகிரி): உங்கள் ஸ்பெல் செக் அமெரிக்க இங்கிலீஷில் இருக்கும். அங்கே பெயருக்கும் வினைக்கும் ‘எஸ்’ ஒன்றே. நம்மிடம் கையில் இருக்கும் லைசென்ஸுக்கு ‘சி’. 1988 மோட்டார் வாகனச் சட்டத்திலும் அப்படித்தான். அனுமதி தருகிற செயலுக்கு மட்டும் ‘எஸ்’. மொழியை ‘இங்கிலீஷ், இந்தியா’ என்று மாற்றினால் கோடு போய்விடும். சரக்கு அமெரிக்காவுக்குப் போகிறதென்றால் மாற்றாமல் அப்படியே விடுங்கள்.